61-ஆம் நாள்

(தலைப்பு: நோய் வந்தால் குடும்பத்தைக் காப்பது காப்பீடா? சேமிப்பா? ‘சேமிப்பே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, அரங்கத்தில் பாதிப் பேரைக் காப்பீட்டு முகவர்களாகவே மாற்றிவிட்டுப் போன எதிரணித் தோழரே! (சிரிப்பு) பெரியோர்களே, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே தொலைக்காட்சி பார்க்கிற தாய்மார்களே!

தோழர் என்ன சொன்னார்? “பையில ஒரு அட்டை இருந்தாப் போதும், கவலையை ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி வச்சிரலாம்” என்றார். ஐயா, அந்த அட்டை என்னிடமும் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற கல்லூரியில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஒரு அதிகாரம் வைத்தார். 95-ஆவது அதிகாரம். அதில் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர். நாலே நாலு. ஐந்தாவதாக ஒருத்தர் வந்து, “இந்த டாக்டர் எங்க பட்டியல்ல இல்லையே” என்று சொல்லுவார் என்பது அந்தத் தெய்வப் புலவருக்கே தோன்றவில்லை! (கைதட்டல்)

என் மனைவிக்குப் பதினோரு வருடமாக மூட்டுவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காப்பீடு கொடுத்தது. மறுக்க மாட்டேன், அன்றைக்கு அது இல்லையென்றால் நகை போயிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் 60 நாள் வரைக்கும் டாக்டரைப் பார்த்த செலவு, மாத்திரைச் செலவு, எல்லாம் கிடைத்தது. எங்கள் பாலிசியில் அப்படி எழுதியிருக்கிறது: சேருவதற்கு முன்னால் 30 நாள், வந்த பின்னால் 60 நாள்.

நடுவர் அவர்களே, 61-ஆம் நாள்? விரல் வீக்கத்துக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியுமா?

நம் நாட்டில் பெரும்பாலான பாலிசிகள் நோயைப் பார்ப்பதில்லை, படுக்கையைப் பார்க்கின்றன. 24 மணி நேரம் படுத்தால்தான் பணம். டே-கேர் என்று சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாதா மாதம் நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்புகிறவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு நடுவிலே கல்லூரி கம்பெனியை மாற்றியது. புதுக் கம்பெனியின் பட்டியலில் எங்கள் டாக்டரம்மா பார்க்கிற ஆஸ்பத்திரியே இல்லை.

தோழர் உடனே ஒரு பாயின்ட் எடுத்தார். 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அறிவித்துவிட்டது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். 48 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் சொன்னால் போதும் என்றார். உண்மைதான். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் சொல்லலாம். ஆனால் ஐயா, சேர வேண்டுமே! டாக்டரம்மா “மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும்மா, அடுத்த மாசம் வா” என்கிறார். “இல்லை டாக்டர், கம்பெனிக்காக இரண்டு நாள் படுத்துக்கிறேன்” என்றா சொல்ல முடியும்? (சிரிப்பு)

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் சொன்னார். நல்ல திட்டம், 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எனக்குப் பொருந்தாது.

ஆக, கணக்கு என் தலையில். டாக்டருக்கு 700, ரத்தப் பரிசோதனை 1,500, மாத்திரை 1,100, மதுரைக்கு இரண்டு பேர் போய் வரப் பஸ், சாப்பாடு எல்லாம் 700. மாதம் 4,000 ரூபாய். பெரிய தொகையா? இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும், ஐயா, ஒவ்வொரு மாதமும்!

ஒருநாள் வீட்டில் சொன்னாள்: “ஏங்க, வலி குறைஞ்சிருக்கு. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.” எனக்குச் சந்தோஷம். நம்பிவிட்டேன். சந்தோஷத்தில் பாதி, காசு மிச்சம் என்பதால் வந்தது. அதையும் இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன்.

தலைவன் பிரிந்தால் தலைவியின் கை மெலிந்து வளை கழன்று விழும் என்று இருபத்தைந்து வருடமாக வகுப்பில் உருகி உருகிப் பாடம் நடத்துகிறவன் நான். என் வீட்டில் மணிக்கட்டு வீங்கி, வளையல் கழலவே மாட்டேன் என்று நின்றதைப் பார்க்கவில்லை. (அரங்கில் அமைதி) வாசல் கோலம் ஒன்பது புள்ளியிலிருந்து ஏழானது, ஐந்தானது. பிறகு ஒரு பூ. பிறகு நாலு கோடு. பொடியைக் கிள்ளிப் பிடிக்க விரல் மடங்கவில்லை. “என்னம்மா, கோலம் சின்னதாகிட்டே போகுது?” என்று கிண்டல்கூடச் செய்தேன்.

டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. வாரம் ஒருநாள் போடுகிற மாத்திரை அது. சாப்பிடுகிறவர்கள் ரத்த அணுவையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவள் அதையும் விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கியிருக்கிறாள். மிச்சம் பிடித்த காசு பையனின் செமஸ்டர் ஃபீஸில் சேர்ந்திருக்கிறது. மதுரைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “சார், நீங்க படிச்சவங்கதானே?” என்றார். பி.எச்டி. பட்டத்தை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் போல இருந்தது.

“பட்டியல்ல இருக்கிற வேற டாக்டர்கிட்டப் போயிரலாம்ங்க” என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் வந்த அன்றே 4,000 ரூபாய் அவள் பெயரில் தனிக் கணக்குக்குப் போகிறது. வீட்டில் அதற்கு ‘டாக்டரம்மா கணக்கு’ என்று பெயர். தீபாவளி வந்தாலும் தொடுவதில்லை, கல்யாண மொய் வந்தாலும் தொடுவதில்லை. பாலிசியும் இருக்கிறது, அது படுக்கைக்கு. இது 61-ஆம் நாளுக்கு.

போன மார்கழியில் ஐந்து புள்ளிக் கோலம் போட்டாள். இரண்டு விரல் இன்னும் நிமிரவில்லை; அது இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். நடுவர் மணி அடித்துவிட்டார். (கைதட்டல்)