நிரலோடு நடத்தையும் போய்ச் சேர வேண்டும்



லிஸ்ப் மொழியில் எழுதிய பொருள்நோக்கு நிரல்களை ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குக் கொண்டுசெல்வது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். உங்கள் முன் நான் வைக்க விரும்புவது ஒரே கருத்துதான். நிரல் பிழைச்செய்தி ஏதுமின்றிக் கம்பைல் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1970-களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் பிறந்த ஃபிளேவர்ஸ் என்ற ஆப்ஜெக்ட் அமைப்பு லிஸ்ப் எந்திரங்களில் ஓடியது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லூப்ஸும், அதன் பின் காமன்லூப்ஸும் வந்தன. இந்த மரபுகள் கூடியே காமன் லிஸ்பின் ஆப்ஜெக்ட் அமைப்பான சி.எல்.ஓ.எஸ். உருவானது. 1988-இல் அதன் வரையறை ஏற்கப்பட்டு, 1994-இல் காமன் லிஸ்பின் ஆன்சி தரநிலையில் இடம்பெற்றது.

ஃபிளேவர்ஸ் நிரலைச் சி.எல்.ஓ.எஸ்.ஸுக்கு மாற்றுபவரின் கண்ணில் முதலில் படுவது எழுத்து வேறுபாடு. அங்கே ஆப்ஜெக்டுக்குச் செய்தி அனுப்புகிறோம். இங்கே ஜெனரிக் ஃபங்ஷனை அழைக்கிறோம். அங்கே மெத்தடுக்குள் உள்மாறிகளின் பெயரை அப்படியே எழுதலாம். இங்கே ஸ்லாட் வழியாகக் கேட்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மேக்ரோ பார்த்துக்கொள்ளும். எனக்கு இதில் பெரிய கவலை இல்லை.

கவலை மரபு வரிசையில், அதாவது மெத்தடைத் தேடும்போது வகுப்புகள் வரும் வரிசையில், இருக்கிறது. ‘சாளரம்’ என்ற வகுப்பை எடுத்துக்கொள்வோம். அது ‘கரை’, ‘தலைப்பு’ என்ற இரண்டிலிருந்து பிறக்கிறது. அவ்விரண்டும் ‘அடிப்படைச் சாளரம்’ என்ற ஒன்றிலிருந்து பிறக்கின்றன. பழைய ஃபிளேவர்ஸ் ஒரு கிளையின் ஆழம்வரை போய்விட்டுத்தான் அடுத்த கிளைக்கு வரும். ஆகவே வரிசை: சாளரம், கரை, அடிப்படைச் சாளரம், தலைப்பு. சி.எல்.ஓ.எஸ்.ஸிலோ பெற்ற வகுப்பு தன் பிள்ளைகளுக்கு முன்னால் வரவே கூடாது. எனவே அங்கே சாளரம், கரை, தலைப்பு, கடைசியில்தான் அடிப்படைச் சாளரம். தலைப்பிலும் அடிப்படைச் சாளரத்திலும் ‘திரையைப் புதுப்பி’ என்று ஒரு மெத்தட் இருந்தால், பழைய அமைப்பில் அடிப்படையின் மெத்தட் ஓடியது. புதியதில் தலைப்பின் மெத்தட் ஓடும். பிழை எதுவும் வராது. திரை மட்டும் வேறு மாதிரி இருக்கும். முதன்மை மெத்தடுக்கு முன்னும் பின்னும் ஓடும் துணை மெத்தடுகளின் வரிசையும் இப்படியே புரண்டுவிடும். ஆகவே பழைய எந்திரம் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வகுப்பின் மரபு வரிசையையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூலநிரலுக்குச் சமமான ஆவணம் அது.

தரநிலை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஆப்ஜெக்ட் அமைப்பின் உள்வேலையையே மாற்றியமைக்க உதவும் மெட்டாஆப்ஜெக்ட் புரோட்டோகால் 1991-இல் நூலாக விரிவாக வெளிவந்தது. 1994 தரநிலையிலோ அது முழுமையாகச் சேரவில்லை. ஸ்லாட்டின் மதிப்பு மாறும்போதெல்லாம் அதை வட்டில் சேமிக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின்படி, மதிப்பை மாற்றும் மெத்தடுக்கு வந்து சேர்வது ஸ்லாட்டின் வரையறை ஆப்ஜெக்ட். லிஸ்ப்வொர்க்ஸ் என்ற லிஸ்ப் அமைப்பு நீண்ட காலம் ஸ்லாட்டின் பெயரையே அனுப்பி வந்தது. வரையறை ஆப்ஜெக்டுக்கென்று எழுதிய மெத்தட் அங்கே பொருந்தாது. இயல்பான மெத்தட் ஓடிவிடும். நினைவகத்தில் மதிப்பு மாறியிருக்கும், வட்டில் பழையதே இருக்கும். இத்தகைய வேறுபாடுகளைச் சமன்செய்யவே ‘க்ளோசர் டு மாப்’ என்ற நூலகம் எழுதப்பட்டது. அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நம்பிக்கை தரும் முன்னுதாரணமும் உண்டு. கிரெகர் கிசாலெஸும் அவருடன் ஜெராக்ஸ் பார்க்கில் இருந்தவர்களும் ஆப்ஜெக்ட் அமைப்பையே காமன் லிஸ்பில் எழுதினார்கள். அதுதான் பி.சி.எல். ஒவ்வொரு லிஸ்புக்கும் உரிய தனிக் கூறுகளைச் சில சிறு கோப்புகளில் ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பொதுவாக வைத்தார்கள். இன்றைய எஸ்.பி.சி.எல். என்ற காமன் லிஸ்பின் ஆப்ஜெக்ட் அமைப்பு அதன் வழிவந்ததுதான். வேறுபாடுகளை நிரல் முழுவதும் சிதறவிடாமல் ஓரிடத்தில் கட்டிவைத்ததே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டுரை படிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை வரிகளை மாற்றினீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய அமைப்பிலும் புதியதிலும் நடத்தை ஒன்றே என்பதை எந்தச் சோதனையால் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்றாக இல்லாத இடங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். விவாதத்துக்கு நேரம் தாராளமாக ஒதுக்கியிருக்கிறோம். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.