காலியான இடம்

(செய்யாரில் நடைபெற்ற அறக்கட்டளைப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் கல்வி உதவி பற்றிப் பேசுவோம். இம்முறை முதியோரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் என்பது 14 ஆக உயர 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் 24 ஆண்டுகள். தென்கொரியாவில் 18 ஆண்டுகளே. ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். தள்ளாத வயதில் வீட்டுக்கே ஆள் வந்து பராமரிக்கிறார்.

நம் நாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மத்திய அரசின் கணிப்புப்படி, 2031-இல் 60 வயதைக் கடந்தவர்கள் பீகாரில் நூற்றுக்கு 11 பேர், தமிழ்நாட்டில் 18 பேர், கேரளத்தில் 21 பேர். இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் என்கிறது 2019–21 குடும்ப நல ஆய்வு. ஜப்பான் பொருள் சேர்த்த பின் முதுமை அடைந்தது. நாம் சேர்ப்பதற்கு முன்பே அடைகிறோம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது மருந்துக்கும் அரிசிக்குமே சரியாகிவிடும்.

நம் ஊருக்கு வருவோம். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர். மகன்கள் ஒருவர் சென்னையில், ஒருவர் ரியாத்தில். மாதம் தவறாமல் பணம் வரும். ஓர் இரவு வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். சுபுஹு தொழுகையில் அவர் நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பக்கத்தில் நிற்பவர் கவனித்தார். ஸலாம் கொடுத்ததும் போய்க் கதவைத் தட்டினார். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் பிழைத்தார்.

அன்றிலிருந்து எங்களை ஒரு கேள்வி உறுத்துகிறது. தனியே வாழும் தாய்மார்கள் பள்ளிவாசலுக்கு வருவதில்லையே, அவர்கள் விழுந்தால் யாருக்குத் தெரியும்? மாதாமாதம் அவர்களுக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வாங்கிப் போனால், அம்மா எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்ப்பதில்லை. அது நிர்வாகத்தின் குறை, ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனியாக வாழும் முதியோரின் பட்டியலை, எந்தச் சமயத்தவராயினும் சேர்த்து, அவர்கள் எழுத வேண்டும். தினமும் அஸருக்குப் பின் கதவைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதித் தரலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைத் தந்தாரா என்று கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567-ஐச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இதற்குப் பணம் கேட்கவில்லை. தினமும் கால் மணி நேரம் கேட்கிறோம். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுங்கள். நாளை தட்டப்பட வேண்டிய கதவு நம்முடையதாகவும் இருக்கலாம்.