புற்றுநோயும் பற்றுச்சீட்டும்

(பலாபத்வல கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிளகையும் கொக்கோவையும் நம்பி வாழும் இப்பகுதியில் ஒரு வீட்டிற்குப் புற்றுநோய் வந்துவிட்டதென்றால், வைத்தியரைத் தேடுமுன் காணிக்கு விலை பேச ஆள் தேடுகிறார்கள். இப்பதற்றம் முதலில் ஒழிய வேண்டும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் அரசாங்க வைத்தியசாலைகள். அங்கே கதிர்ச்சிகிச்சைக்கோ மருந்தேற்றலுக்கோ கட்டணம் இல்லை. அது பிச்சையன்று, நாம் செலுத்தும் வரியின் பயன். ஆயினும் செலவே இராதென்று நாம் கூறமாட்டோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்தை வெளியே வாங்கிவரச் சீட்டெழுதிக் கொடுத்ததை யார் மறந்தார்? பஸ் செலவும், துணைக்கு நிற்பவர் இழக்கும் நாட்சம்பளமும் வேறு.

தனியார் வைத்தியசாலையை நாடுவோர், முற்பணம் கட்டுமுன் சிகிச்சை முழுவதற்குமான மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். முதல் நாட் கட்டணத்தை மட்டும் கேட்டுக் கையொப்பமிடுவது கிணற்றின் ஆழம் பாராமல் இறங்குவதாகும்.

காப்புறுதி உடையவர்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கடுநோய்க் காப்புறுதி, நோய் உறுதியானதும் ஒரு தொகையைத் தருவது. அதற்குத் திசுப் பரிசோதனை அறிக்கை வேண்டும். வைத்தியசாலைச் செலவுக் காப்புறுதியோ சிட்டைகளுக்கே பணம் தருவது. சிக்கல் இங்கேதான். மருந்தேற்றல் பெரும்பாலும் காலையிற் சென்று மாலையில் திரும்பும் சிகிச்சை. இரவு தங்கினாலன்றிப் பணமில்லை என்றொரு நிபந்தனை பத்திரத்தில் இருக்குமாயின், அத்தனை சிட்டைகளும் செல்லாக்காசே. ஆகவே சிகிச்சை தொடங்குமுன் கம்பனிக்குக் கடிதம் எழுதி, எழுத்திலேயே மறுமொழி பெறுங்கள். முகவரின் வாய்வார்த்தை வழக்கில் நில்லாது. அவர் நிரப்பிய படிவமானாலும் பழைய நோயை மறைத்த பழி கையொப்பமிட்டவர் தலையிலேயே விழும். மூலப் பற்றுச்சீட்டுகளைப் பிரதி எடுக்காமல் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் பெற்றுக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

ஆசிரியர்களும் ஏனைய அரசாங்க ஊழியர்களும் அக்ரஹார காப்புறுதியை மறந்துவிடுகின்றனர். சம்பளத்தில் மாதந்தோறும் கழிவது அவர்கள் பணமே. காப்புறுதி இல்லாதவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை; 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் ஏற்கப்படுகிறது.

அங்கே படிவம் தமிழில் இல்லை என்று திருப்பி அனுப்பினால்? 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, மத்திய மாகாணத்திலும் அரசாங்க அலுவலருடன் தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமையுண்டு. திருப்பப்பட்டவர்கள் தேதியையும் அலுவலகத்தின் பெயரையும் குறித்து எமது கிளையில் தாருங்கள். எழுதிக் கேட்பது எமது பொறுப்பு.