வீட்டிற்கு வந்த முதல் பூனைக்குட்டி



பூனை வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல ஓர் அதிகாரி வரவேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். லயத்தில் பூனை படுத்திராத வாசல் ஏது? ஆயினும், தானாக வந்து சோற்றுக்குக் காத்திருக்கும் பூனை வேறு. நாமே விரும்பி வீட்டிற்குள் கொண்டுவரும் குட்டி வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஜார்ஜ் டவுனில் சௌரஸ்தா சந்தைக்கு அருகே, 'அஞ்சடி' என்று வழங்கும் கடையோர நடைபாதையில், பழப்பெட்டி ஒன்றில் கிடந்த குட்டியை எங்கள் மகள் கண்டெடுத்து வந்தாள். கண் திறந்திருந்தது, நடை தள்ளாடியது. மூன்று வாரத்திற்கு மேல் வயது இராது. வீட்டில் அனைவருக்கும் பெருமகிழ்ச்சி. தேநீருக்கு வைத்திருந்த டின் பாலைச் சுடுநீரில் கரைத்து, பஞ்சில் நனைத்துப் புகட்டினோம். அன்றிரவே வயிற்றுப்போக்குக் கண்டது. நான்காம் நாள் காலையில் குட்டி இறந்து கிடந்தது. "பால்தானே கொடுத்தோம், ஏன் செத்துப்போச்சு?" என்று மகள் கேட்டாள். ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் எங்களால் விடை சொல்ல இயலவில்லை.

விடையைப் பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தோம். தாய்ப்பூனையின் பாலைவிடப் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அதிலுள்ள பால் சர்க்கரையோ குட்டிக்குப் பேதியை உண்டாக்கும். டின் பாலில் சீனி வேறு மிகுதி. உள்ளங்கையளவு உடல் ஓரிரு நாள் பேதியிலேயே நீர் வற்றிப்போகும். அந்த வயதில் குட்டியால் தன் உடற்சூட்டையும் காத்துக்கொள்ள முடியாது. ஆகவே எட்டு வாரம் வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. தாயற்ற குட்டி கிடைத்துவிட்டால், பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவையே வாங்கவேண்டும். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கவேண்டும். குப்புற இருக்கவைத்தே புகட்டவேண்டும். நம் பிள்ளைகளைப்போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஓராண்டு கழித்து, இரண்டு மாதம் நிறைந்த குட்டி ஒன்றைப் பட்டர்வொர்த்திலிருந்து கூடையில் வைத்துப் பெர்ரியில் கொண்டுவந்தோம். முதல் மூன்று நாளும் ஒரே அறையில் விட்டுவைத்தோம். தண்ணீர், மீனும் சோறும், மணல் நிரப்பிய தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. பின்னர்தான் தெரிந்தது, வெறும் சோற்றால் பூனை வாழாது என்பது. அது இறைச்சியுண்ணும் பிராணி. பூச்சி மருந்தும் தடுப்பூசியும் மருத்துவர் சொன்ன நாள்களில் போட்டோம். மணல் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையைக் கர்ப்பிணிகளிடம் விடாதீர்கள். பூனை மலத்தின் வழியே பரவக்கூடிய ஒரு கிருமி கருவைத் தாக்கும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருந்தகத்திற்குச் செல்லுங்கள். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் நாய்களிடையே வெறிநோய் கண்டதை மறந்துவிடலாகாது.

தோட்டத்தில் ஆபத்துகள் இன்னும் அதிகம். எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் சாகும். பால் உறையவைக்கும் ஆசிட்டையும் களைக்கொல்லிப் போத்தலையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்போர் உண்டு. அம்மாத்திரை பூனைக்கு நஞ்சு.

அந்தப் பழப்பெட்டிக்கு மீண்டும் வருவோம். அக்குட்டியை அங்கே வைத்தவர் கொடியவர் அல்லர் என்றே கருதுகிறோம். பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். வீட்டில் இடமின்றிப் போகவே, சந்தையில் யாரேனும் எடுத்துக்கொள்வர் என்று விட்டுச்செல்கின்றனர். கருத்தடை அறுவை ஒருமுறைச் செலவு. அதைச் செய்துவிட்டால் பெட்டிக்கு வேலையில்லை.

2013இல் ஜார்ஜ் டவுன் விழாவின்போது, தெருவிலங்குகளுக்காகப் பரிந்துபேசும் ஓவியர் குழுவினர் '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற பெயரில் பழைய நகரச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினர். ஆர்மீனியன் வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாபெரும் பூனை. அ குய் வீதியில் புரூஸ் லீ பூனையை உதைப்பதுபோல் ஒரு படம். 'உண்மையான புரூஸ் லீ இப்படிச் செய்யவே மாட்டார்' என்பது அதன் தலைப்பு. பிள்ளைகளுடன் நகருக்கு வருவோர் அப்படத்தின் முன் நின்று சிரிப்பார்கள். தலைப்பையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சட்டமும் இதில் விளையாட்டாக இல்லை: 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எங்கள் பூனைக்கு இப்போது ஆறு வயது. இன்னும் ஒன்பது பத்தாண்டு வாழக்கூடும் என்கிறார் மருத்துவர். மகள் மேற்படிப்புக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது. இதுவரை முடிவாகவில்லை, மணல் தட்டு மட்டும் ஏற்கெனவே எங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டது.