எழுதப்படாத புகார்களின் கணக்கு

(திற்பரப்பில் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சின்ன வயதில் திற்பரப்புக்கு அருவியில் குளிக்க வந்திருக்கிறேன். பேச வருவது இதுதான் முதல் முறை. "தமிழ்நாட்டில் குற்றங்களும் காவல்துறையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் சில ஆண்டுகளாகப் புரட்டிக்கொண்டிருப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2020இல் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 66 லட்சம். முந்தைய ஆண்டைவிட 28 விழுக்காடு அதிகம். எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஆண்டில் குற்றம் எப்படிக் கூடியது? திருட்டு குறைந்துதான் இருந்தது. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மீது 188ஆவது பிரிவில் வழக்குகளை அள்ளிப் போட்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவை லட்சக்கணக்கில் இருந்தன. காவலர் எழுதியதுதான் அட்டவணைக்கு வரும், நடந்ததெல்லாம் வராது. குற்றம் கூடுவதும் வழக்குப் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. இங்கிருந்து களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அதன் குற்ற விகிதம் எப்போதும் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கிறது. அங்கே மக்கள் அதிகம் கெட்டவர்களா? இல்லை. கொடுத்த புகார் அங்கே பதிவாகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எழுதாமல் விட்டவை எங்கே போகின்றன?

ஆய்வுக்காகச் சந்தித்தவர்களில் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி உண்டு. வயதான அம்மா. சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று நிலையத்துக்குப் போயிருக்கிறார். எந்த நிலையம் என்பது வேண்டாம். மாலைவரை உட்கார வைத்துவிட்டு, "ஒரே ஊருக்காரங்கதானே, பேசித் தீத்துக்கிடலாம்" என்று சொல்லி ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். "கேசு நடக்குது மக்கா" என்று என்னிடம் காட்டினார். அது முதல் தகவல் அறிக்கை இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்.

கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவும் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. சட்டத்தில் குறையில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் கையில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் இருக்கிறது.

கண்ணகி - முருகேசன் வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று பெண்ணின் உறவினர்கள் இருவரையும் பிடித்து நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். முருகேசனின் தந்தை நிலையத்துக்குப் போனபோது புகாரை வாங்கவில்லை. செய்தி வெளியே பரவிய பிறகுதான் வழக்கு. அந்த வழக்கை எப்படி எழுதினார்கள் தெரியுமா? கண்ணகியை அவர் வீட்டார் கொன்றார்கள், முருகேசனை அவர் வீட்டாரே கொன்றார்கள் என்று! மகனைப் பறிகொடுத்த குடும்பமே குற்றவாளிக் கூண்டுக்குப் போனது.

அந்தத் தாள் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆண்டின் அட்டவணையில் இரண்டு கொலைகள் கூடியிருக்கும். வன்கொடுமைப் பத்தியில் ஒன்றுகூட ஏறியிருக்காது. குடும்பத் தகராறு என்று முடிந்திருக்கும். வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றதால்தான் 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் இருவர் விடுதலையானார்கள், சில தண்டனைகள் குறைந்தன. மீதி 11 பேரின் மேல்முறையீட்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்!

வாச்சாத்தியும் இதே கதைதான். 1992 ஜூன் 20. சந்தனமரம் தேடுகிறோம் என்று போனவர்கள் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். வழக்கு யார்மீது? ஊர் மக்கள்மீது, சந்தனக் கடத்தல் என்று. சேலம் சிறைக்குப் போனதும் அவர்களே. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என 269 பேர்மீது வழக்கு வந்து, உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட 2011 ஆனது. வேங்கைவயலில் நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்த வழக்கில் 2025இல் அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர்மீது குற்றப்பத்திரிகை போட்டதைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பழைய தாள்கள்தான் நினைவுக்கு வந்தன.

நம் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. பழைய திருவிதாங்கூரில் சட்டமே சாதிக்கு ஒன்றாக இருந்தது. பிராமணருக்குத் தூக்கு கிடையாது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கை முக்கித் தன்னை நிரூபிக்கலாம். அது அவர்களுக்கான விசாரணை. தோள்சீலை போட்ட பெண்ணுக்கோ விசாரணையே இல்லாமல் சந்தையில் வைத்துத் துணி கிழிக்கப்பட்டது. 1859இல் அரசாணை வந்தது. அதுவும் சாதி இந்துப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். இன்று சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எழுதும் மேசை ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி.

"வன்கொடுமை வழக்குகளில் பாதி பொய் வழக்கு" என்று சொல்லும் நண்பர்கள் உங்கள் கல்லூரியிலும் இருப்பார்கள். விசாரித்த அதிகாரி "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" என்று எழுதி மூடுவதை நம்பித்தான் அவர்கள் பேசுகிறார்கள். புதுக்கூரைப்பேட்டையிலும் விசாரித்தது ஓர் அதிகாரிதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை என்கிறது அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு. அந்தப் பிரிவில் எத்தனை பேர்மீது வழக்கு வந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கின்றன 1995ஆம் ஆண்டு விதிகள். நம் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அது எப்போதெல்லாம் கூடியது, என்ன பேசியது என்ற பதிவுகளைக் கேட்டுத் தகவல் உரிமை மனு ஒன்று எழுதி வந்திருக்கிறேன். பத்து ரூபாய்க் கட்டணம். தேநீர் குடித்ததும் யாராவது நால்வர் என்னோடு உட்கார்ந்தால், தாலுகாவுக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பிவிடலாம். அந்த அம்மாவின் புகாரையும் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் முதலில் வாருங்கள், என் கையெழுத்து மோசம்.