தேர்ச்சி விழுக்காடும் வருகைப் பதிவேடும்

(கடப்பாக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்வி அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக எளியோர் வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றி வரும் இக்கழகத்தின் விழாவில், புகழுரை கூறுவதற்காக யாம் வரவில்லை. ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க வந்தோம்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் எம்மிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "எத்தனை விழுக்காடு?" என்பதே. தேர்வு எழுதிய பிள்ளைகள் யாவர் என்று எவரும் வினவுவதில்லை. விழுக்காடு குறைந்தால் மட்டும், "சேரிப் பிள்ளைகள் மிகுதி, வேறென்ன வரும்?" என்னும் முணுமுணுப்பு எழுகின்றது. அதற்கு விடை கூறுவதே எம் நோக்கம்.

கட்டணம் செலுத்த இயன்றோருள் பலர், எச்சாதியினராயினும், தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வண்டிகளில் ஏற்றிவிட்டனர். இக்கடற்கரைப் பகுதி அரசுப் பள்ளிகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் கூலி உழவர், சவுக்கு வெட்டுவோர், மீனவர், செங்கற்சூளைத் தொழிலாளர் ஆகியோரின் மக்களே.

சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணியாற்றிய பள்ளியொன்றில் தேர்ச்சி பெறாதோர் பெயர்களை எடுத்து, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். தை பிறந்ததும் அப்பெயர்களுக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்னும் குறிகள். அறுவடைக்குச் சென்ற தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் ஒருத்தி. பெற்றோருடன் சூளைக்குப் போனவன் ஒருவன். திருப்புதல் தேர்வுகள் நடந்த நாட்களும் அவையே. ஆனால், அதே குடியிருப்பிலிருந்து வந்து, ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில் தங்கி, நாள்தோறும் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் தேறியிருந்தனர். சாதி ஒன்றே, தெருவும் ஒன்றே, வகுப்பில் அமர்ந்த நாட்கள் மட்டுமே வேறு.

அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டு ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு வெளியிட்ட பேரறிக்கை, பள்ளி வசதிகளைக் காட்டிலும் குடும்பச் சூழலே மாணவர் அடைவோடு மிகுதியும் தொடர்புடையது எனக் கண்டது. 'அப்படியாயின் பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை' எனச் சிலர் பொருள் கொண்டனர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. வீடு தர இயலாததை விடுதி தந்ததை எம் பதிவேட்டிலேயே கண்டோமல்லவா?

இங்கே எம் குற்றம் ஒன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். நூற்றுக்கு நூறு என்னும் ஆசையால், தேற மாட்டார் எனத் தோன்றிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கும் வழக்கத்திற்கு ஒரு காலத்தில் யாமும் உடன்பட்டோம். அவ்வாண்டு எம் பள்ளி பாராட்டுப் பெற்றது. நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவனைப் பின்னர்ச் சவுக்குக் கட்டைகள் ஏற்றும் வண்டியருகே கண்டோம். "ஐயா, வணக்கம்" என்றான். எமக்கு மறுமொழி கூற நா எழவில்லை. அவன் எந்தப் பட்டியலிலும் தோற்றவனாக இல்லை. ஏனெனில் அவனைத் தேர்வு எழுதவே யாம் விடவில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். கோவையில் பயின்ற காலத்தில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே இருந்து, பின்னரே வகுப்பினுள் நுழைந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அவரை வெளியே நிறுத்தியது அறிவுக் குறைவன்று, அச்சம். இன்று நம் பிள்ளைகளை நிறுத்துவது தை மாதத்துக் கூலி. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கியதும் இத்தகைய தடைகளைத் தனியொருவன் தாண்டுதல் அரிது என்பதனாலன்றோ?

ஆகவே, கழகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையைத் தேர்வு முடியும் வரை ஊரிலோ விடுதியிலோ தங்கச் செய்யுங்கள். சாதிச் சான்றிதழ் இன்றி அல்லலுறும் இருளர் பிள்ளைகளுக்காக வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் செல்லுங்கள். எம்மைப் போன்ற தலைமையாசிரியர்களிடம் இனி விழுக்காட்டைக் கேளாதீர்கள், "ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் பத்தாம் வகுப்பில் தேறியோர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

அக்கேள்விக்கு அஞ்சாமல் விடையளிக்கும் பள்ளியே நல்ல பள்ளி. எம் பள்ளியிடமிருந்தே அதனைத் தொடங்குங்கள் என வேண்டி அமைகின்றோம்.