கடைக்கு ஏற்ற இடம் எது?

(அம்பர்நாத்தில் சிறு வணிகர்களும் சுயதொழில் தொடங்க விரும்புவோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடை வைக்க எண்ணுபவர் முதலில் எழுப்பும் கேள்வி, "முதல் எவ்வளவு வேண்டும்?" என்பது. அடுத்தது, "கடன் எங்கே கிடைக்கும்?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கூற வங்கிகள் உள்ளன. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழி ஏற்பட்டது. முன்பு வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு இவ்வரம்பு 2024-இல் 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. "கடையை எங்கே வைப்பது?" என்ற மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை. மைத்துனர் காட்டிய இடம், வாடகை மலிவான இடம், தற்செயலாகக் காலியாக இருந்த இடம் என்று ஏதோ ஓரிடத்தில் பலகையை மாட்டிவிடுகிறார்கள்.

சரக்கு விற்கவில்லையானால் வேறு சரக்கு வாங்கலாம். விலை போகவில்லையானால் குறைக்கலாம். இடம் பொருந்தாமற் போனால் மாற்றுவது எளிதன்று. அலமாரிக்கும் மின்னிணைப்புக்கும் செய்த செலவு திரும்பி வராது. முப்பது ஆண்டு உழைப்பின் பணிக்கொடையை எடுத்துக் கடை தொடங்குபவருக்கு இரண்டாவது வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆகவேதான் இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டேன்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. புகார் நகரின் நாளங்காடி எங்கே இருந்தது என்பதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. கடலையொட்டிய மருவூர்ப்பாக்கத்துக்கும் உள்நகரமான பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் அது அமைந்திருந்தது. பரதவரும் வணிகரும் ஒரு பக்கம், அரசனும் செல்வரும் மறுபக்கம். இரு பகுதியினரின் கால்களும் சந்திக்கும் வெளியில் சந்தை. இன்றைய நூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

இடத்தைத் தேடுமுன் சரக்கு எத்தகையது என்று தெளிவு பெறவேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மெல்வின் கோப்லாண்ட் 1923-இல் நுகர்பொருள்களை மூவகையாகப் பிரித்தார். அருகில் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குபவை முதல் வகை: பால், தீப்பெட்டி, சோப்பு போன்றவை. நாலு கடை ஏறி இறங்கி, ஒப்பிட்டுப் பார்த்து வாங்குபவை இரண்டாம் வகை: சேலை, செருப்பு, பாத்திரம். இதுதான் வேண்டும் என்று தேடிச்சென்று வாங்குபவை மூன்றாம் வகை.

மும்பையில் தமிழர் வாழும் பகுதிகளைப் பார்த்தாலே இம்மூன்றும் விளங்கும். தாராவியின் சந்துகளில் உள்ள மளிகைக் கடைகள் முதல் வகையைச் சார்ந்தவை. அன்றாடக் கூலி பெறுபவர் அன்றாடத் தேவைக்குக் கால் கிலோ பருப்பும் நூறு கிராம் எண்ணெயும் வாங்குகிறார். அவர் நூறு அடிக்கு மேல் நடப்பதில்லை. அதே தாராவியில் தோற்பொருள் கடைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. பை வாங்க வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறார். மாதுங்காவின் நிலை வேறு. பூச்சரமும் வாழையிலையும் பித்தளை வடிகட்டியும் பூசைப் பொருள்களும் வாங்கச் செம்பூரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் இந்த அம்பர்நாத்திலிருந்தும் மக்கள் அங்கே ரயிலேறிச் செல்கிறார்கள். மாதுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி உணவகம் மாடியில் இருக்கிறது. சாதாரணமாக மாடிக்கடை ஓடாது என்பது வணிகர் வாக்கு. தேடி வருபவர்களுக்கு மாடிப்படி ஒரு தடையாக இல்லை.

மாதுங்காவில் செழிக்கும் கடையை அப்படியே பெயர்த்து அம்பர்நாத்தில் வைத்தால் செழிக்குமா என்று என்னைக் கேட்டால், பெரும்பாலும் செழிக்காது என்பேன். மாதுங்காவில் கோயிலும் சங்கமும் சந்தையும் உணவகமும் ஒரே நடையில் அமைந்துள்ளன. ஒன்றுக்கு வந்தவர் மற்றொன்றிலும் நுழைகிறார். இங்கோ தமிழ்க் குடும்பங்கள் பல குடியிருப்புகளில் சிதறி வாழ்கின்றன. ஆகவே அம்பர்நாத்தில் தமிழரை மட்டும் நம்பிக் கடை வைப்பது துணிச்சல். மராத்தி, சிந்தி, குஜராத்தி அண்டை வீட்டாரும் நின்று வாங்கும் மளிகையோ இட்லி மாவோ விற்று, தமிழருக்கு வேண்டிய சரக்கை ஓர் அலமாரியில் வைப்பவர் நிலைத்து நிற்பார்.

போட்டிக் கடைக்கு அருகில் வைக்கலாமா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. ஹரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலறிஞர் 1929-இல் காட்டியவாறு, ஒரே பொருளை விற்கும் இருவர் வாடிக்கையாளரை இழக்காதிருக்க ஒருவரையொருவர் நெருங்கி வருவதே இயல்பு. துணிக்கடைக்கு அருகில் துணிக்கடை நன்மை பயக்கும். பால் கடைக்கு அருகில் பால் கடை இருவரையும் வாட்டும். ஒப்பிட்டு வாங்கும் பொருளுக்கும் ஒப்பிடாமல் வாங்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சீன நாட்டு அனுபவம் இங்கே பயன் தரும். வில்லியம் ஸ்கின்னர் என்ற மானிடவியலறிஞர் சிச்சுவான் மாநிலக் கிராமச் சந்தைகளை ஆராய்ந்து 1964-65-இல் வெளியிட்டார். அங்கே பத்து நாட்களில் மூன்று நாள் சந்தை கூடும். ஓரூரில் 1, 4, 7-ஆம் நாட்கள் என்றால் பக்கத்தூரில் 2, 5, 8. இதனால் ஒரே வணிகர் பல ஊர்களுக்குச் சுற்றிவர முடிந்தது. ஓரிடத்தில் போதிய வாடிக்கை இல்லாதபோது கடையே நடந்து சென்றது எனலாம். நம் வாரச் சந்தைகளின் தத்துவமும் இதுவன்றோ! இன்றைய சீன நகரங்களில் மதில் சூழ்ந்த குடியிருப்பு வளாகங்கள் மிகுதி. வாயில்கள் சிலவே ஆதலால் குடியிருப்போர் அனைவரும் அவ்வழியே சென்றாக வேண்டும். வாயிலை ஒட்டிய கடைக்கு மதிப்பு அதிகம். ஷாங்காயில் 2016-இல் முதற்கடையைத் திறந்த ஹேமா என்ற நிறுவனம் இன்னொரு வழியைக் காட்டியது. கடையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் 30 நிமிடங்களில் சரக்கை வீட்டில் சேர்ப்பது அதன் முறை. அத்தகைய கடைக்கு முன்னால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைவிட, சுற்றி எத்தனை வீடுகள் உள்ளன என்பதே முக்கியம். கைப்பேசி வழி விரைவு விநியோகம் நம் நகரங்களிலும் வந்துவிட்டபடியால், பாலும் பருப்பும் விற்பவர் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி அம்பர்நாத்துக்கு வருவோம். கி.பி. 1060-இல் எழுந்த சிவாலயமும் படைக்கலத் தொழிற்சாலையும் தொழிற்பேட்டைகளும் இவ்வூருக்குப் புகழ் தந்தன என்றாலும், இவ்வூர்க் கடைத்தெருவை ஆள்வது ரயில் நிலையமே. காலையில் நிலையத்தை நோக்கி ஓடுபவர் கையில் சாப்பாட்டுப் பை இருக்கிறது. மனத்தில் வண்டி நேரம் இருக்கிறது. அவர் செய்தித்தாளும் தேநீரும் தவிர வேறொன்றும் வாங்கமாட்டார். மாலையில் அதே மனிதர் இறங்கி வீடு நோக்கி நடக்கும்போது காய்கறியும் ரொட்டியும் மருந்தும் வாங்குகிறார். ஆகவே ஒரே சாலையில் காலை நடைக்கு ஏற்ற பக்கமும் மாலை நடைக்கு ஏற்ற பக்கமும் வேறுபடலாம். ஷேர் ரிக்‌ஷா வரிசை எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். வரிசையைத் தாண்டிய கடை பத்தடி தொலைவில் இருந்தாலும் பயனில்லை; இடம் போய்விடுமென்று எவரும் வரிசையை விட்டு நகர்வதில்லை.

இந்த நடைபாதைகள் நிரந்தரமானவையும் அல்ல. 2008-இல் பாந்த்ராவில் முதல் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. பின்னர் கல்யாண் முதலிய இடங்களிலும் அமைந்தன. கீழே நடந்தவர்கள் தலைக்குமேல் நடக்கத் தொடங்கினால் கீழ்க்கடையின் கதி என்ன? நிலையத்தருகே தெருவில் விற்போரின் நிலை இன்னும் நெருக்கடியானது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமச் சான்றும் நகர விற்பனைக் குழுவில் இடமும் அளித்தது. ஆனால் 2017 செப்டம்பரில் எல்ஃபின்ஸ்டன் சாலை நிலைய நெரிசலில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் தெரு விற்பனை கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தட்டுக்கடையில் பணம் போடுபவர் இந்த 150 மீட்டரை அளந்து பார்த்தல் நலம்.

தொழிற்சாலை வாயிற்கடை ஒரு காலத்தில் உறுதியான வருவாய் தந்தது. ஆனால் 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய மும்பைப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். பல ஆலைகள் மீண்டும் திறக்கவே இல்லை. ஆலை வாயிலில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே வாயிலை நம்புவது, ஒரே வாடிக்கையாளரை நம்புவதற்குச் சமம்.

வாடகைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மாத வாடகை 18,000 ரூபாய் என்று கொள்வோம். நூறு ரூபாய் விற்பனையில் 10 ரூபாய் மிஞ்சுமானால், வாடகைக்கு மட்டும் மாதம் 1,80,000 ரூபாய்க்கு, அதாவது நாளொன்றுக்கு 6,000 ரூபாய்க்கு விற்கவேண்டும். ஒருவர் சராசரி 120 ரூபாய்க்கு வாங்கினால் நாள்தோறும் 50 பேர் வாடகைக்காகவே வரவேண்டும். மின்கட்டணமும் உதவியாளர் சம்பளமும் உங்கள் வீட்டுச் சாப்பாடும் இதற்கு மேல். இப்போது அந்தக் கடைக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து எண்ணுங்கள். வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், கடைசியில் ஒரு நாள். கடந்து செல்பவரை அன்று, கையில் பையுடன் செல்பவரை எண்ணவேண்டும். நான்கு நாள் உழைப்பு பல லட்சத்தைக் காக்கும்.

முடிந்தால் ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள். 2019 ஜூலை 27-இல் பத்லாப்பூருக்கு அப்பால் வாங்கணி அருகே மகாலட்சுமி விரைவு வண்டி வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மீட்கப்பட்டது நினைவிருக்கும். நம் ஊரிலோ வால்துனி ஆறு கோயிலருகே ஓடுகிறது. "காலா" என்று இங்கு வழங்கும் கீழ்த்தளக் கடையின் தரை சாலை மட்டத்துக்கு எவ்வளவு மேலே உள்ளது, அண்டைக் கடையில் கடைசியாகத் தண்ணீர் புகுந்தபோது எதுவரை நின்றது என்று கேளுங்கள். நனைந்த அரிசி மூட்டையை எவரும் வாங்கமாட்டார்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கு வழங்கும் "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தம் குடிவார உரிமை தருவதன்று. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிப் பெருஞ்செலவில் அலங்காரம் செய்துவிட்டு, கடை சூடுபிடித்தவுடன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களை இவ்வட்டாரத்தில் நீங்களே அறிவீர்கள். நீண்ட கால ஒப்பந்தமும், வாடகை ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்ற எழுத்தும் கிடைக்காத இடம், எவ்வளவு நல்ல இடமாயினும் எனக்குத் தயக்கமே.

கையெழுத்திடுமுன் நகர் மன்ற அலுவலகத்துக்குச் சென்று வளர்ச்சித் திட்ட வரைபடத்தைப் பாருங்கள். சாலை அகலப்படுத்தும் கோடு உங்கள் கடை முகப்பின் ஊடே செல்கிறதா என்று அதில் தெரியும். அம்பர்நாத்துக்கும் பத்லாப்பூருக்கும் இடையே சிக்லோலியில் புதிய ரயில் நிலையம் அமைக்கும் திட்டம் ஏற்கப்பட்டிருக்கிறது. அது செயற்படும்போது கிழக்குப் புறப் புதுக் குடியிருப்புகளில் சிலவற்றின் மாலை நடை திசை மாறக்கூடும். அவ்வழியில் இடம் பார்த்திருப்பவர்கள் கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருங்கள். வரைபடத்தை வைத்துப் பேசுவோம்.